விலை சரிந்த மறுநாள் நான் போட்ட வரிசை

பயப்பட எனக்குக் காரணம் தேவையில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதே ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வாத்தியாருக்குப் பயந்துதான் (அவர் அந்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டார்).

மனைவி வசந்தா வேறு ரகம். மகள் கயல்விழியின் நர்சிங் படிப்புக்காக, ரவிக்கை தைக்கும் காசில் மாதம் ஆயிரம் ரூபாயை மியூச்சுவல் ஃபண்டில் போட்டுவந்தாள். ஆறு வருஷத்தில் அவள் ஒரு மாதமும் தவறியதில்லை, நான் ஒருநாளும் சரியாகத் தூங்கியதில்லை.

ஒருநாள் டீக்கடை டிவியில் ‘பங்குச்சந்தை கடும் சரிவு’ என்று ஓடியது. எனக்குத் தெரிந்த சரக்கு நெல் ஒன்றுதான். மேகம் கட்டினால், நெல் நனைந்து முளைப்பதற்குள் கொள்முதல் நிலையத்தில் முந்தி இடம்பிடித்துத் தள்ளிவிட வேண்டும். மறுநாள் வசந்தாவிடம் சொல்லாமல் ஃபண்டு காகிதங்களோடு நீடாமங்கலத்தில் முதல் பஸ் ஏறி, தஞ்சாவூரில் ஏஜென்ட் ரஃபீக் பாயின் அலுவலகத்துக்குப் போனேன். பூட்டியிருந்தது. படியில் துண்டை விரித்து, மேலே செங்கல்லை வைத்து, வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தேன். இரண்டாவது ஆள் வரவேயில்லை. ஊருக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை என்று பெருமையாக இருந்தது.

பத்து மணிக்கு பாய் வந்தார்.

“என்னண்ணே இது?”

“வரிசை பாய். நான்தான் மொதல்ல. எல்லாத்தையும் வித்துக் குடுத்துருங்க. புள்ளை படிப்புக் காசு.”

“கணக்கு அக்கா பேர்லல்ல இருக்கு” என்று அவர் வசந்தாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது.

“வெலை எறங்கியிருக்கா பாய்?”

“நல்லாவே எறங்கியிருக்குக்கா.”

“அப்ப அதே காசுக்கு யூனிட்டு கூட வரும்ல. காலேஜுக்கு இன்னும் மூணு வருஷம் கெடக்கு. இது சேக்குற காலம், விக்கிற காலம் இல்ல. அவரு பையில உரத்துக்கு வச்ச ரெண்டாயிரம் இருக்கும். வாங்கிக்கிட்டு என் பேங்க் கணக்குக்கு அனுப்பிவிடுங்க, இன்னைக்கே ஃபண்டுல போட்டுர்றேன்.”

கொடுத்தேன்.

“என்னங்க, சாப்ட்டீங்களா?”

“இல்ல.”

“பாய், டிபனுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் அவருகிட்ட விட்டுவைங்க.”

விற்கப் போனவன் வாங்கிவிட்டு வந்தேன். அதன்பிறகும் பல மாதம் விலை படுத்தே கிடந்தது. நான் விலையைப் பார்த்து இளைத்தேன். அவள் விலையைப் பார்க்கவே இல்லை, எத்தனை யூனிட் சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்தாள். கயலின் கல்லூரிக் கட்டணத்தைக் கைமாற்று வாங்காமல் வசந்தாவே கட்டினாள். மலிவாகக் கிடைத்த மாதங்களில் சேர்த்ததுதான் அதிகம் கைகொடுத்ததாம்.

இப்போது கயல் நர்ஸ். முதல் சம்பளத்தில் அவளும் கணக்குத் தொடங்கினாள். வாரிசாக யார் பெயரைப் போடுவது என்று பாய் கேட்டார்.

“அம்மா பேரு போடுங்க. அப்பா வேணாம், நான் ரெண்டு தடவ தும்முனாலே வித்துருவாரு.”

பாய் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.