ராசியான ஓஸ்

நாமக்கல்லில் ஓடும் அத்தனை லாரிகளையும் ஒரே நாளில் நிறுத்திவிடக்கூடிய ஆள் ஒருத்திதான். பிரஷர் அக்கா. கையில் ஒரு கட்டர் கொடுத்தால் போதும்.

எங்கள் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு அடுத்த கடை அவளுடையது. எண்ணெய் அழுத்தத்தைத் தாங்கும் ரப்பர் குழாய், அதாவது ஹைட்ராலிக் ஓஸுக்கு முனை அடித்துக் கொடுப்பாள். எத்தனை பார் பிரஷர் தாங்கும் என்று ஓஸ் மேலேயே அச்சடித்திருக்கும். அந்த எழுத்து தேய்ந்திருந்தால் பேச்சே கிடையாது, உங்கள் கண் முன்னாலேயே இரண்டு துண்டு. கல்யாணத்துக்கு வந்தாலும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டாள். நேரே சமையல் கொட்டகைக்குப் போய் காஸ் டியூபைத் திருப்பிப் பார்ப்பாள். ஒரு கல்யாணத்தில் அதையும் அறுத்துவிட்டாள். பந்தி சாயங்காலம்தான் நடந்தது. அன்றைய பசியில் அவளை நான் திட்டாத திட்டு இல்லை.

போன வருஷம் எங்கள் பட்டறையில் முதல் கேரவன் கட்டினோம். லாரிக்குப் பலகை அடிக்கிறவனுக்கு இது எதற்கு என்று ஊரே சிரித்தது. மேடுபள்ளத்தில் நிறுத்தினாலும் உள்ளே மட்டமாக இருக்க நான்கு மூலையிலும் ஹைட்ராலிக் ஜாக் வைத்தோம். கட்டச் சொன்னவர் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் முதலாளி. வண்டி எடுக்க வந்தவர் கையில் ஒரு பழைய ஓஸ்.

“என்ற மொத ரிக்குல ஓடுனதுங்க. ராசியான ஓஸு. ஜாக்குக்கு இதையே மாட்டுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குள் போனாள். கிர்ரென்று ஒரு சத்தம். இரண்டு துண்டோடு வந்தாள்.

“பம்பு எறநூறு பார் தள்ளுதுங்க. இது எத்தன தாங்கும்னு உங்க ராசியக் கேட்டுச் சொல்லுங்க.”

“வண்டியே வேண்டாம் போங்க” என்று முதலாளி நடையைக் கட்டினார். எங்கள் மானமும் கூடவே போனது. அக்கா விடவில்லை. குறுக்கே போய், அறுத்த முனையை அவர் கையில் திணித்தாள். உள்ளே இருந்த கம்பி துருவாக உதிர்ந்தது.

“உங்கூட்டு அம்மணியும் கொழந்தைகளுந்தானுங்க இதுல படுக்கப் போறாங்க?”

அவர் திரும்பி வந்தார்.

புது ஓஸ் மாட்டினோம். இருநூற்றைம்பது பார் என்று பளிச்சென்று எழுதியிருந்தது. லிவரைப் பிடித்த முதலாளி, ரிக் பழக்கத்தில், டயரெல்லாம் அந்தரத்தில் தொங்கும்வரை தூக்கிவிட்டார்.

“ஏனுங்க, பட்டறைக்குள்ளயே போர் போடப் போறீங்களா? டயரு தரையில நிக்கட்டும்ங்க” என்றாள் அக்கா.

இறக்கி மட்டம் பார்த்தார். தளும்பத் தளும்ப டீயை வண்டிக்குள் மேசைமேல் வைத்தோம். ஒரு சொட்டு சிந்தவில்லை. அக்கா அதை எடுத்துக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வண்டி இப்போது ஜேடர்பாளையத்து ஆற்றங்கரைச் சரிவில்கூட மட்டமாக நிற்கிறது. கட்டியது நாங்கள். இனி எவனாவது சிரிக்கட்டும், பார்க்கலாம்.

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் நான் முதலில் காஸ் டியூபைத்தான் பார்க்கிறேன். எழுத்து தேய்ந்திருந்தால் அக்காவுக்குப் போன் போடுகிறேன். அறுக்கிற உரிமை அவளுக்குத்தான்.