இருபத்தொரு டிகிரிக்காரர்

மனிதர்களில் இப்படி ஒரு ரகம் உண்டு. அஸ்திவாரம் தோண்டும் முன்பே முழுக் கட்டடத்தையும் கணினிக்குள் கட்டி, சன்னலுக்குச் சன்னல் வெயிலை விட்டு, அறைக்கு அறை ஆளை உட்கார்த்தி, ஆண்டு முழுக்க அது எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்று புள்ளி பிசகாமல் சொல்லிவிடும் ரகம். பசுமைக் கட்டட ஆலோசகர் என்று அட்டை அச்சடித்து வைத்திருப்பார்.

அவர் பிழைப்பு ஒரு மோசமான கட்டடத்தை நம்பித்தான் ஓடுகிறது. அந்தக் கட்டடம் பூமியில் எங்கும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, 'சாதாரணக் கட்டடம்' என்ற பெயரில் அவரே கணினியில் எழுப்புவது. அறைகளைச் சூடாக்க அதற்குக் கேஸ் பாய்லர். உங்கள் கட்டடத்துக்கோ மரத்தூளை அழுத்திச் செய்த வில்லைகளை எரிக்கும் பாய்லர். மென்பொருளின் எரிபொருள் பட்டியலில் மரத்தூள் வில்லை இல்லையா? மனிதர் அசந்துவிடுவாரா என்ன! கேஸ் என்ற வரியையே உங்கள் கட்டடத்துக்கும் தேர்ந்தெடுத்துவிட்டு, புகைக் கணக்கில் மட்டும் பூஜ்யம் போடுவார். வெட்டிய மரம் மறுபடி வளர்ந்து அந்தப் புகையை உறிஞ்சிவிடுமாம். வில்லை நனைந்து வந்தால்? அதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை ஐயா.

இப்படித்தான் குளிர்ப் பிரதேசத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது சதவீதச் சேமிப்பு என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தார். பெருமை தாங்காமல் தம் மகளையும் அங்கேயே சேர்த்தார். குளிர்காலம் வந்தது. கூடவே பாய்லர்காரரின் போனும் வந்தது.

"சார், வில்லை எல்லாம் ஈரம். பத்தவே மாட்டேங்குது. பிள்ளைங்க கையுறை போட்டுக்கிட்டு எழுதுறாங்க."

"வாய்ப்பே இல்லையே! கம்ப்யூட்டர் மாடல்ல எல்லா வகுப்பும் இருபத்தொரு டிகிரி காட்டுது."

"இங்க தெர்மாமீட்டர் பன்னெண்டு காட்டுது சார்."

"அப்ப தெர்மாமீட்டரை மாத்துங்க!"

மாலையில் மகள் இருமிக்கொண்டே வந்து, விறைத்த விரல்களை அவர் கைக்குள் திணித்தாள். பெற்ற மனம் பதறத்தான் செய்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"சாதாரணக் கட்டடத்தோட ஒப்பிட்டா உங்க பள்ளிக்கூடம் எவ்வளவோ மேல், கண்ணு."

"அந்தச் சாதாரணக் கட்டடத்துல பாய்லர் எரியுமாப்பா?"

"எரியும். அது கேஸ்."

"உள்ள சூடா இருக்குமா?"

"இருபத்தொரு டிகிரி..."

"அப்ப என்னை அங்க சேத்துடுங்கப்பா."

மனிதர் அந்தச் சின்ன விரல்களை வெகுநேரம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால், "மத்தவங்க மாதிரியா நான் உங்களைக் கஷ்டப்படுத்துறேன்?" என்று வீட்டில் நாளுக்கு நாலு தடவை சொல்கிறீர்களே, அந்த மற்றவர் யார்? எங்கே இருக்கிறார்? முகவரி தெரிந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் வீட்டார் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே கிளம்பிவிடப் போகிறார்கள்.