நாக்கைச் சுருட்டச் சொன்ன வாத்தியார்

புது வாத்தியாருக்கும் புது சைக்கிள் வாங்கியவனுக்கும் ஒரே வியாதி. பிரேக் இருப்பது நினைவுக்கே வராது. தொண்ணூறுகளின் நடுவில் சேரன்மகாதேவிப் பள்ளி ஒன்றில் தற்காலிக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தபோது எனக்கு அந்த வியாதி முற்றியிருந்தது. (வேலையை நிரந்தரமாக்குவது தலைமையாசிரியர் கையில் இருந்தது. அதையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்!)

பத்தாம் வகுப்புக்கு மரபியல். அடேயப்பா, என்ன பாடம்! டி.என்.ஏ.வை வைத்துத் திருடனைப் பிடிக்கலாம், பரம்பரை நோயைக் கண்டுபிடிக்கலாம், ஒரு சொட்டு ரத்தத்தில் அப்பா யாரென்றே சொல்லிவிடலாம் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். பையன்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த வேகத்திலேயே ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தேன். வீட்டில் யார் யாருக்கு நாக்கைக் குழல் மாதிரிச் சுருட்ட வருகிறது என்று பார்த்துவர வேண்டும். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் வராவிட்டால் பிள்ளைக்கு வரவே வராது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். (அப்போதைய புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின.)

மறுநாள் காலை, வாழைக்காய் மண்டி வைத்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சி தன் மகன் இசக்கியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிட்டார். பின்னால் அவர் மனைவி, முந்தானையால் வாயை மூடியபடி. விஷயம் இதுதான். இசக்கிக்கு நாக்கு அருமையாகச் சுருளும். அப்பாவுக்குச் சுருளவில்லை. அம்மாவும் தனக்கு வராது என்று சொல்லிவிட்டார். பயல் சோறு தண்ணீர் இல்லாமல், தான் யார் பிள்ளை என்று கேட்டு அழுது வீட்டை இரண்டாக்கியிருக்கிறான்.

"என்னவே சார்வாள், எம்புள்ளைக்கு நான் அப்பன் இல்லைன்னு நீரு எப்படிவே சொல்லலாம்?" என்றார் அண்ணாச்சி.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டும் பிடித்துவிட்டது. அந்த அம்மா அழ ஆரம்பித்ததும் எனக்கும் அழுகை வந்தது.

அப்போது கணக்கு டீச்சர் கோமதி உள்ளே வந்து அந்த அம்மாவின் காதில் பைய என்னமோ கேட்டார். பிறகு அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நாங்கள் நான்கு ஆண்பிள்ளைகளும் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். கதவு திறந்தது.

"நல்லாச் சுருளுது சார். நேத்து வீட்டுல மாமனார் இருந்திருக்காவ. அவுஹ முன்னால எப்படி நாக்க நீட்டுததுன்னு, வராதுன்னு சொல்லிட்டாவளாம்," என்றார் கோமதி டீச்சர்.

அண்ணாச்சி மகனைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். இத்தனை வருஷமாகத் தன்னிடம்கூடக் காட்டவில்லையே என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டே போனார். என் வேலை பிழைத்தது. இனி மரபியலுக்குப் பட்டாணிச் செடி போதும், எவர் நாக்கும் வேண்டாம் என்று தலைமையாசிரியர் உத்தரவு போட்டார்.

அந்தக் கோமதி டீச்சரையே பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். எங்கள் இருவருக்கும் நாக்கு சுருளாது. பிறந்தாளே ஒரு மகள், அவளுக்கு அப்பளக் குழல் மாதிரிச் சுருளும்! நாக்கு விவகாரம் அவ்வளவு எளிதில்லை, பெற்றோருக்கு வராவிட்டாலும் பிள்ளைக்கு வரலாம் என்று இப்போது விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள். அதை யார் கேட்கிறார்கள்? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போதும், மகள் நாக்கைச் சுருட்டிக் காட்டிவிட்டு, "அப்பா, அப்ப நான் யாரு பிள்ளை?" என்பாள். நான் விளக்கத்தைத் தொடங்கும் முன்பே அடுக்களையிலிருந்து கோமதியின் குரல் வரும்.

"பதில் சொல்லும்வே, சார்வாள்."