ஐரோப்பாவை நிழலில் நிறுத்தியவர்

பேரீச்ச மரத்தையும் மிஞ்சி வெயிலில் செழிக்கும் உயிரினம் ஒன்று வளைகுடாவில் உண்டு: பிள்ளையை உலகக் குடிமகனாக்கப் புறப்பட்டுவிட்ட தகப்பன். நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். லிஃப்டில் உங்களுக்கு எந்த மாடி என்று கேட்கமாட்டார். உங்கள் பிள்ளைக்கு எந்த சிலபஸ் என்றுதான் கேட்பார். பாஸ்போர்ட் இந்தியா, விசா கம்பெனி, மனம் மட்டும் எந்நேரமும் ஐரோப்பா.

பஹ்ரைனில் ஈசா டவுன் பக்கம் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் கல்யாணசுந்தரத்தை இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி என்று சொல்லலாம். மகள் சம்யுக்தா பத்தாம் வகுப்பு. அவள் பள்ளியில் இந்த ஆண்டு சர்வதேச, ஐரோப்பியக் குடிமைப் பயிற்சி என்று ஒன்றைத் தொடங்கி, தேறுகிற ஆறு பேரை பிரஸ்ஸல்ஸில் கூடும் மாணவர் நாடாளுமன்றத்துக்கு அனுப்புவோம் என்றார்கள். அவ்வளவுதான். பயிற்சி மகளுக்கு, சாமி வந்தது அப்பாவுக்கு.

குளியலறைக் கதவின் உட்புறம் ஐரோப்பிய வரைபடம் ஏறியது. பல் தேய்த்து முடிப்பதற்குள் பால்டிக் நாடுகளை வடக்கிலிருந்து தெற்காக ஒப்பித்துவிட வேண்டும். குப்பைக்கு நான்கு நிறங்களில் நான்கு கூடைகள் வந்தன. நான்கையும் மனைவி பிரபாவதி ஒரே கறுப்புப் பையில் கொட்டிக் கீழே அனுப்புவது மட்டும் இன்றுவரை அவருக்குத் தெரியாது. வீட்டில் யார் பேசினாலும் கை தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டும். காலை டிபனுக்குக்கூட வாக்கெடுப்பு.

"தேங்காய்ச் சட்னிக்கு ஆதரவு எத்தனை பேர்?"

"தீர்மானம் நிறைவேறிடுச்சுன்னே வைங்க," என்றாள் பிரபாவதி. "தேங்கா துருவப்போறது எந்த நாடு?"

ஜூன் மாதம் கடைசிச் சுற்று வந்தது. அவரவர் வசிக்கும் இடத்தில் நிஜமான தகராறு ஒன்றைக் கண்டுபிடித்து, இரு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து, உடன்படிக்கை எழுதி, இருவர் கையெழுத்தும் வாங்கி வர வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் பிரஸ்ஸல்ஸ் கிடையாது.

"நம்ம பில்டிங்லயே ஒண்ணு இருக்குப்பா," என்றாள் சம்யுக்தா. "ரெண்டு பேரோட பார்க்கிங்கை ஒருத்தரே எடுத்துக்கறார். ஆறு வருஷமா."

"ஆறு வருஷமா! யாரு அந்த நாகரிகம் கெட்ட ஆளு?"

"முன்னாடியே பேர் சொல்லக் கூடாதுப்பா. ரூல்ஸ்."

"சொல்லாதே கண்ணா. ஆனா விடாதே. நாலு பேர் முன்னாடி உட்கார வெச்சு ஒத்துக்க வை. இந்த மாதிரி ஆளுங்களாலதான் போற இடமெல்லாம் நம்ம மானம் போகுது."

இதை அவர் ஜன்னலோரம் நின்றபடி சொன்னார். கீழே தகரக் கூரையின் நிழலில், பக்கத்து வண்டிக்காரன் எவனும் கதவைத் திறந்து கீறிவிடக் கூடாதென்று, அவருடைய வெள்ளைக் கார் இரண்டு பார்க்கிங் கட்டங்களுக்கும் குறுக்கே சாய்வாக நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தார். எவ்வளவு பாந்தமாக நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை மூன்றாவது மாடி லிஃப்ட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. பெருமைக்குரிய பார்வையாளராக, கோட்டும் டையுமாக, கல்யாணசுந்தரம் முன் நாற்காலியில் அமர்ந்தார். எதிரே கீழ்வீட்டு ஹாலிதா; ஆஸ்பத்திரி நர்ஸ், கீழக்கரைக்காரர். சாட்சிக்கு வாட்ச்மேன் பழனிச்சாமி.

"இன்னொரு பார்ட்டி எங்கே கண்ணா?"

"உட்கார்ந்தாச்சுப்பா."

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"கோவிச்சுக்கிறாதீங்கண்ணே," என்று ஹாலிதா தொடங்கினார். "நைட் டூட்டி முடிச்சு வந்து வெயில்லதான் வண்டியப் போடுறேன். மத்தியானம் புள்ளையக் கூப்பிடப் போறப்ப ஸ்டீரிங்கைத் தொட முடியல. ஈரத் துண்டைச் சுத்திப் பிடிச்சுத்தான் ஓட்டுறேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா!"

"நான் சொன்னேன்ல சார், மூணு தடவை," என்றார் பழனிச்சாமி. "இங்க எவனுக்கும் சிவிக் சென்ஸ் கிடையாது பழனி, இடிச்சுப்புடுவானுங்கன்னு நீங்கதான் சொல்லி அனுப்பிட்டீங்க."

கல்யாணசுந்தரம் விருட்டென்று எழுந்தார். "இதெல்லாம் ஒருமனதா எடுக்க வேண்டிய முடிவு. ஐரோப்பாவுல ஒரு நாடு எதிர்த்தாலும் போதும், தெரியுமா? எனக்கு வீட்டோ பவர் இருக்கு!"

"அப்பா, கை தூக்கிட்டுப் பேசுங்க."

வளர்த்த வளர்ப்பு. தூக்கினார். தூக்கிய கையில் சம்யுக்தா பேனாவைச் செருகினாள்.

தாளில் தெளிவாக எழுதியிருந்தது: 'ஆறு ஆண்டுகளாக அடுத்தவர் இடத்தை ஆக்கிரமித்தவர், கல்யாணசுந்தரம், மாணவியின் தந்தை.' போட்டால் இது பள்ளிக்கூடம் முழுவதும் போகும். போடாவிட்டால் மகள் எங்கும் போகமாட்டாள். தலைவர் போலக் கறாராகப் பேசிய மகள் தாளின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

"ஆக்கிரமித்தவர்ங்கறதை... பராமரித்தவர்னு மாத்தலாமா கண்ணா?"

"கலாஸ் சார், முடிஞ்சு போச்சு, போட்ருங்க," என்றார் பழனிச்சாமி.

போட்டார். பிறகு கீழே இறங்கி, 'யல்லா, யல்லா, இன்னும் கொஞ்சம் ரைட்டு' என்று பழனிச்சாமி கையசைக்க, வண்டியை ஒரே கட்டத்துக்குள் அடைக்க அவருக்கு இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. பழக்கமில்லாத வேலை பாருங்கள்! ஹாலிதாவின் சின்னக் கார் முதன்முறையாக நிழலுக்குள் வந்து நின்றது.

சம்யுக்தா ஆறு பேரில் ஒருத்தியாகத் தேறினாள். அன்று முதல் லிஃப்டில் ஏறுகிற எவரையும் அவர் விடுவதில்லை. "என் பொண்ணு ஒரு பெரிய எல்லைத் தகராறையே தீர்த்து வெச்சா சார்!"

"யாரோட தகராறு?"

"அது யாரோ ஒரு நாகரிகம் கெட்ட ஆளு. விடுங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நிழலில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு எப்போதும் சிரிப்பு வரும். ஆனால் சிரித்து முடித்ததும் ஒருமுறை ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பாருங்கள். உங்களிடம் காரே இல்லையா? அப்படியானால் உங்கள் வாசல் செருப்பு அலமாரி எந்த வீட்டுக் கதவு வரை நீண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் சரியாகத்தான் இருக்கிறதென்றால் இன்னும் ஒரே ஒரு கேள்வி: உங்கள் வாட்ச்மேன் உங்களிடம் மூன்று தடவை சொன்னாரே, அது என்ன?