செண்பகவல்லி அம்மையார் விழாவில் நாற்காலி இல்லை

அலுவலகத்தில் யாராவது உங்களிடம் "சின்ன வேலைதான்" என்று சொன்னால், அந்த இடத்தைவிட்டு உடனே ஓடிவிட வேண்டும். (நான் ஓடவில்லை. "சரிங்க சார்" என்றேன்.)

அப்போது நான் தொழிலாளர் துறையில் இளநிலை உதவியாளர். தகுதிகாண் பருவம்கூட முடியவில்லை. நாமக்கல் பக்கம் ஓர் ஊர். (பெயரைக் கேட்காதீர்கள். அந்த வழியாகத்தான் மாமியார் வீட்டுக்குப் போய்வருகிறேன்.) எங்கள் வட்டாரத்தின் முதல் பெண் தொழிலாளர் அதிகாரியான செண்பகவல்லி அம்மையார் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அவர் படத்தை ஒரு மண்டபத்தில் திறந்துவைக்க ஏற்பாடு. ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே துணி விற்கும் பெண்களுக்கு உட்கார இடம் கொடுங்கள் என்று, அதற்கொரு சட்டம் வரும் முன்பே கடை கடையாக ஏறிச் சண்டை போட்டவர் அவர்.

பதாகை வாசகம் என்னுடையது: "பெண்களை உட்கார வைத்த பெருமகள்." அதை எழுதிவிட்டு என்னை நானே மெச்சியபடி திரிந்ததில் மற்ற வேலைகள் கொஞ்சம் பின்தங்கின.

"சேருக்கு மட்டும் சொல்லிரு சாமி. சின்ன வேலதான்" என்றார் எங்கள் அதிகாரி. நானும் பந்தல்காரருக்குப் போன் செய்து, வர்ற வெள்ளிக்கிழமைக்கு நாற்காலி வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

விழா நாள் காலை மண்டபத்துக்குப் போனேன். மேடையில் மண்டபத்துக்குச் சொந்தமான ஐந்து நாற்காலிகள். கீழே வெறும் தரை. பந்தல்காரரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க மேடம், போன வெள்ளிக்கெழமையே கொண்டாந்தனுங்களே. மண்டபம் பூட்டிக் கெடந்துச்சு. போன் அடிச்சா நீங்க எடுக்கவே இல்லீங்க."

நான் சொன்னது ஒரு வியாழக்கிழமை. எனக்கு 'வர்ற வெள்ளி' அடுத்த வாரம். அவருக்கு மறுநாள்.

"இப்பக் கொண்டாங்க அண்ணா."

"அத்தனையும் மல்லசமுத்திரத்துல கல்யாணத்துல இருக்குதுங்க. பந்தி நடக்குது. சாப்படறவங்கள எந்திரிக்கச் சொல்றதுங்களா?"

(சொல்லுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது.)

அதற்குள் எதிர் ஜவுளிக்கடைப் பெண்கள், விழாவுக்காக அனுப்பிய வேனில் வீட்டிலிருந்து நேராக வந்து இறங்கினார்கள். தலை நிறையப் பூ. உள்ளே வந்து நாற்காலியைத் தேடக்கூட இல்லை. பழக்கத்தில், சுவரோரம் அழகாக வரிசை கட்டி நின்றுகொண்டார்கள். அவர்களுக்கு நேர் மேலே என் பதாகை. அதைப் பார்க்காமல் இருக்க நான் படாத பாடுபட்டேன்.

அம்மையாரின் மகள் சேலத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடையேறியவர் கீழே ஒரு பார்வை பார்த்தார்.

"அவங்க எல்லாம் உக்காரட்டும். அப்பறம் நான் உக்காந்துக்கறேன்."

அவர் நின்றால் எங்கள் அதிகாரி எப்படி உட்காருவார்? அவரும் நின்றார். படத்துக்கான செலவை ஏற்றிருந்த ஜவுளிக்கடை முதலாளி, மூட்டுவலிக்காரர், பாதி உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்தார். ஐந்து காலி நாற்காலிகள், அவற்றின் முன்னால் ஐந்து பெரியவர்கள். அதிகாரி என்னைத் திட்டவில்லை, பார்த்தார். என் வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டி, தெருவில் இறங்கி ஓடினேன்.

எதிரில் இருந்தது அந்த முதலாளியின் கடைதான். கழுத்தில் அடையாள அட்டை ஆட, மூச்சிரைக்க, "ஸ்டூல் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். சோதனைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து மேனேஜரின் முகம் வெளுத்தது.

"இருக்குதுங்க மேடம். சட்டப்படி எல்லாமே இருக்குதுங்க. வந்து பாருங்க."

குடோனைத் திறந்துகாட்டினார். கூரை வரை ஸ்டூல்கள். ஒன்றில்கூடப் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. "ஒரு தூசி படாம வெச்சிருக்கறோமுங்க" என்றார் பெருமையாக. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. உட்கார ஏதோ கிடைத்தது, அவ்வளவுதான். கடை ஆட்களை விட்டு அத்தனையையும் தூக்கிவரச் செய்தேன்.

மண்டபத்தில் வரிசையாகப் போட்டோம். முன்வரிசைப் பெண் ஒருத்தி உறையைத் தடவிப் பார்த்தாள்.

"இது எந்தக் கடைதுங்க மேடம்?"

"உங்க கடையிலருந்துதான் கொண்டாந்தோம்."

"எங்க கடையில ஸ்டூல் இருக்குதுங்களா?"

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் மண்டபம் அந்த நேரம் பார்த்து அமைதியாக இருந்தது. மேடையில் முதலாளி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். டீச்சர் மேடையிலிருந்து இறங்கி அந்தப் பெண்ணிடம் வந்தார்.

"எத்தன வருசமா வேல பாக்கற கண்ணு?"

"ஆறு வருசமாச்சுங்க."

"உக்காந்திருக்கியா?"

அவள் யோசித்தாள். "பஸ்ல உக்காருவனுங்க."

டீச்சர் மைக்குக்குப் போனார். நீளமாகப் பேசவில்லை. "எங்கம்மாவுக்கு மாலை வேண்டாம். போகும்போது ஆளுக்கொரு ஸ்டூல எடுத்துட்டுப் போங்க. குடோனுக்கு இல்ல, கடைக்குள்ள போடுங்க." முதலாளி கைதட்டினார். (வேறு என்ன செய்வார், பாவம்.)

அன்று மதியம் அந்தப் பெண்கள் லாரிகளை நிறுத்தி, ஸ்டூலும் கையுமாகச் சாலையைக் கடந்தார்கள். நான் மண்டப வாசலில் மெமோவுக்காகக் காத்திருந்தேன். அதிகாரி பக்கத்தில் வந்து நின்றார்.

"உனக்கு மெமோ குடுக்கலாம்னுதான் இருந்தேன் சாமி. ஆனா குடுத்தா நடந்தத எழுதணும். எழுதுனா, அந்தக் கடைய இத்தன வருசமா நான் எப்படி இன்ஸ்பெக்சன் பண்ணுனேன்னு மேல கேப்பாங்க."

பேசிக்கொண்டே நேராக அந்தக் கடைக்குள் போனார். அதன் பிறகு மாதம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

என் வேலை நிலைத்தது, மானம் நிலைக்கவில்லை; நாற்காலிக் கதை சொந்தபந்தம் வரை பரவிவிட்டது. என் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனபோது என் தாய்மாமன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்: "கட்டாயம் வாரோம் சாமி. நாங்க உக்காருறதா, நின்னுக்கறதா?" முகூர்த்தத்தன்று சீர்த்தட்டுகளுக்கு நடுவே உறை பிரிக்காத ஒரு ஸ்டூலையும் தூக்கி வந்தார். மாமன் சீராம்.

அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உறையை அன்றைக்கே கிழித்துவிட்டேன்.