ஆமென் மேஸ்திரியின் ஆறடிச் சப்பரம்

பம்பாயில் முதலாளிக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், போலீசுக்குப் பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு புனிதரையே மிரட்டி வேலை வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். நாற்பதுகளில் தாராவியில் எங்கள் சந்தில் குடியிருந்த ஆமென் மேஸ்திரி.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவோ, சந்தில் யாருக்கும் தெரியாது. தோல் ஷாப்பில் மேஸ்திரி. எதைப் பேசினாலும் ‘ஆமென்’ என்று முடிப்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சாயங்காலம் அவர் வாசலில் ஜெபமாலை ஆரம்பித்துவிட்டால் சந்தைக் கடந்து யாரும் தப்ப முடியாது. பால் ஊற்ற வந்த வடநாட்டு பையாவைக்கூட உட்கார வைத்துவிடுவார். அந்தப் பால்காரருக்குத் தமிழில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்ற இரண்டே வார்த்தைதான் தெரியும். சௌக்கியமா என்று கேட்டாலும் அதையே சொல்வார்.

மேஸ்திரிக்கு ஒரே மகள், ரோசம்மாள். எங்கள் சந்தின் கடைசி வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. ஒருநாள் மேஸ்திரி, தன் வீட்டில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி நின்ற அந்தோணியார் படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினார்.

“வேய், கையில ஒரு பிள்ளைய வச்சிக்கிட்டுத்தான நிக்கேரு? எம் மவளுக்கு ஒண்ணு குடுத்தா கொறஞ்சா போவீரு? குடும். சப்பரத்துல ஏத்தி அவ வாசலுக்கே கூட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் சுவத்தப் பாத்துக்கிட்டு இரும். ஆமென்!”

படத்தைத் திருப்பிய ஐந்தாம் மாதம் ரோசம்மாளுக்கு மசக்கை. படம் திரும்பியது, மாலையும் ஏறியது. அடுத்த ஜூனில், அந்தோணியார் திருநாளுக்குப் பத்து நாள் முன்பு, பெண் குழந்தை பிறந்தது. தாத்தாவானவரின் கால் தரையில் பாவவில்லை.

தோல் ஷாப் முற்றத்தில் பெட்டிப் பலகையும் மூங்கிலும் ஜிகினாத் தாளுமாகச் சப்பரம் எழும்பியது. திருநாளன்று சாமியார் வந்து மந்திரித்துக் கொடுத்தார். மத்தளம் முழங்க, எட்டுப் பேர் தோள் கொடுக்க, அந்தோணியார் சுரூபத்தைச் சுமந்த சப்பரம் எங்கள் சந்து முனைக்கு வந்து நின்றது. நின்றது நின்றதுதான். சப்பரத்தின் அகலம் ஆறடி, சந்தின் அகலம் நாலரை.

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கத்துத் தன் ஊர்த் தெருவுக்கு அளவெடுத்திருக்கிறார். பதினைந்து வருஷமாகத் தினமும் நடந்த சந்தை அளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் செத்த அறுத்துருவமா?” என்றார் கூட வேலை பார்க்கும் காதர் பாய்.

“மந்திரிச்ச சப்பரத்துல ரம்பம் வைக்கவா?”

“அப்ப சுரூபத்த மட்டும் கையில எடுத்துட்டுப் போயிருவோம்.”

“நான் வாக்குக் குடுத்தது சப்பரத்துக்குல்லா! நாளைக்கு அவரு கேட்டா என்ன மூஞ்சியோட பதில் சொல்லுவேன்?”

சொல்லிவிட்டு மேஸ்திரி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பத்து நாள் பிள்ளைக்காரி வாசலைத் தாண்டி வர முடியாது. சப்பரமும் அவளிடம் போக முடியாது. வாழ்நாளில் முதல்முறையாக அவர் வாயில் ஆமென் வரவில்லை.

காதர் பாய் அவரைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார். சட்டென்று சந்து முனையிலிருந்த தன் வீட்டு முன்பக்கத் தகரத்தைப் பிடித்து உலுக்கினார். “சலோ! பத்ரா உதாரோ! தகரத்தக் கழத்துங்க!”

அவ்வளவுதான். தகரமும் சாக்கும் மூங்கிலுமாக இருந்த வீடுகள் வரிசையாக முன்சுவரைக் கழற்றிக்கொண்டன. ஒரு வீட்டில் உலையில் சோறு கொதிக்கிறது, இன்னொன்றில் ஒருவர் தலைக்குச் சோப்புப் போட்டபடி “யாருலே அது?” என்று அலறுகிறார். சப்பரம் ஊர்வலமாக அடுப்படிகளையெல்லாம் பார்வையிட்டுக்கொண்டே வந்து, என் வீட்டு முன்னால் நின்றது.

என் வீடு செங்கல். சந்திலேயே ஒரே செங்கல் சுவர். மில் ஆபீஸ் குமாஸ்தா என்ற கௌரவத்துக்காக மூன்று மாதம் முன்புதான் எழுப்பியிருந்தேன். எனக்கு அடுத்த வீடு ரோசம்மாளுடையது.

மேஸ்திரி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுரூபத்தை அண்ணாந்து பார்த்து, “தம்பிகிட்ட நான் கேக்க மாட்டேன். அது அவரு சம்பாத்தியம். நீரே பேசிக்கிடும்” என்றார்.

அந்தோணியார் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த வீட்டில் குழந்தை வீறிட்டது. மேஸ்திரியின் முகம் போன போக்கைப் பார்த்தபின் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. கடப்பாரையை நானே எடுத்தேன். நூறு வருஷம் நிற்கும் என்று கொத்தனார் சத்தியம் செய்த சுவர் நாலே குத்தில் உட்கார்ந்தது.

சப்பரம் ரோசம்மாள் வாசலில் நின்றபோது ஜனம் போட்ட கூச்சல் தாதர் வரை கேட்டிருக்கும். மேஸ்திரி பேத்தியை வாங்கி, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார்.

“பாத்துக்கிடும்! நீரும் சொன்னபடி செஞ்சிட்டீரு, நானும் செஞ்சிட்டேன். இனி இவ உம்ம பொறுப்பு. ஆமென்!”

சந்தே ஆமென் என்றது. தலையில் சோப்பு நுரையோடு வந்து நின்றவரும் சேர்த்துத்தான்.

மறுநாளே தகரங்கள் பழைய இடத்துக்குப் போய்விட்டன. என் சுவர் எழும்ப ஒரு மாதம் ஆயிற்று. கொத்தனார் பழைய அஸ்திவாரத்தில் நூல் பிடித்தார். நான் நூலைப் பிடுங்கி, ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் கட்டச் சொன்னேன். வீட்டில் கட்டில் போட இடமில்லாமல் போனது. போகட்டும். மேஸ்திரி அடுத்த வருஷமும் சப்பரத்தோடு வர வேண்டுமே.