‘தேடிப் பாருங்க’ தன்சீல் பாய்

நிரல் எழுதுகிறவர்களின் உதவிக் குழு எதுவாக இருந்தாலும் அதில் ஒரு ‘தேடிப் பாருங்க’ ஆசாமி இருப்பார். இலவசமாகக் கிடைக்கும் திறமூலக் கருவிக்குக் கம்பெனியா இருக்கிறது, கூப்பிட்டுக் கேட்க? குழுதான் கதி. அந்தக் குழுவின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் இவர்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கட்டிங் பிரிவில் கணினி பார்க்கும் தன்சீல் அகமதுவை எடுத்துக்கொள்வோம். தோல் வீணாகாமல் ஷூ துண்டுகளை அடுக்கும் நிரல் எழுத ஒரு திறமூலக் கருவி. அதற்கு வேலூர் வட்டாரத்தில் நானூறு பேர் கொண்ட குழு. யார் என்ன கேட்டாலும், பழைய பதிவில் இருக்கு, கையேட்டில் இருக்கு, கேக்கறதுக்கு முன்னாடி தேடிப் பாருங்க என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டார். தெரிந்தால்தானே?

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கருவியைப் புதுப்பித்தார். திரையில் வந்த துண்டு அத்தனையும் இடதுகாலுக்கானதாகவே இருந்தது. மேனேஜர் முனீர் அகமது எட்டிப் பார்த்தார்.

“இன்னா தன்சீல், ரெண்டு மணிக்குக் கட்டிங். இந்தத் தடவையும் சொதப்புனா நான் வேற ஆள் பாத்துக்கறேன்.”

தன்சீல் அவசரமாகக் கணினி முன் உட்கார்ந்தார். குழுவின் பழைய பதிவுகளைத் தேடினார். கேள்விகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அவருடைய ‘தேடிப் பாருங்க’தான் இருந்தது.

சொந்தப் பெயரில் கேட்பதா, நானூறு பேர் முன்னால்? இளம்பரிதி என்று ஒரு பொய்ப்பெயரில் உள்ளே நுழைந்து கேட்டார். ஆற்காடு அப்துல் வஹீத் உடனே பதில் போட்டார்: “தன்சீல் பாயக் கேளுங்க ப்ரோ. அவருக்குத் தெரியாதது எதுவும் இல்ல.” பதினேழு பேர் ஆமோதித்தார்கள். தன் புகழ் தனக்கே கசந்தது அன்றைக்குத்தான்.

ஒன்றரை மணிக்குக் கணியம்பாடி ஷர்மிளா எழுதினார்: “எனக்கும் போன வாரம் இப்டித்தான் ஆச்சு ப்ரோ. பாய்ட்ட கேட்டேன், தேடிப் பாருன்னுட்டாரு. ரெண்டு நாள் பேஜாரு. அப்டேட் பண்ணா மிரர் செட்டிங் தானா ஆஃப் ஆய்டுது. ஆன் பண்ணுங்க, வலதுகாலும் வந்துடும்.”

வந்தது. வேலையும் பிழைத்தது. நன்றி சொல்ல வேண்டாமா? சொன்னார், இளம்பரிதியின் பெயரில். அடுத்த நிமிடமே ஷர்மிளாவின் பதிலுக்குக் கீழே சொந்தப் பெயரில் எழுதினார்: “இதத்தான் நானும் சொல்ல வந்தேன். கையேட்டுலயே இருக்கு.”

சிரிக்கிறீர்களா? உங்களிடம் கடைசியாக ஒருவர் உதவி கேட்டபோது நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள்? நினைவில்லையென்றால், தேடிப் பாருங்கள்.